பணி தற்காலிகமா, பணியாளர் தற்காலிகமா? இந்தியாவில் ஊர்விட்டு ஊர் சென்ற செவிலியர் வரலாறு

டைபாய்டுக் காய்ச்சலுக்கு 1948 வரை மருந்து கிடையாது. அவ்வாண்டு மலாயாவில் குளோரம்ஃபெனிகால் என்னும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து, அது பயன்படுவதை அமெரிக்க மருத்துவர்கள் உறுதிசெய்தனர். அதுவரை நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் மூன்று நான்கு வாரங்கள் அவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையே பெரிதும் பொறுத்திருந்தது. ஈரத்துணியால் உடலைத் துடைத்து வெப்பத்தைத் தணிக்க வேண்டும். திட உணவு குடலைப் புண்ணாக்கிவிடும் என்ற அச்சத்தால் பாலையும் கஞ்சியையும் அளந்து ஊட்ட வேண்டும். படுக்கைப்புண் வாராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கழிவைக் கிருமிநீக்கி கலந்து அகற்ற வேண்டும். நாடித்துடிப்பு திடீரென்று ஏறினால் குடலில் துளை விழுந்துவிட்டதோ என்று ஐயுற்று நள்ளிரவிலும் மருத்துவரை எழுப்ப வேண்டும். மருத்துவர் நாளுக்கு ஒருமுறை வந்து போவார். எஞ்சிய நேரமெல்லாம் செவிலியின் கவனிப்பே சிகிச்சை.

இதை மனத்திற்கொண்டால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் தோன்றிய ஓர் ஏற்பாடு விளங்கும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாநகரங்களில் பெரிய மருத்துவமனைகள் இருந்தன. அவற்றைவிட்டு விலகி, ரயில் நிலையத்திலிருந்து ஒருநாள் வண்டிப்பயணத்தில் இருந்த மாவட்டத் தலைநகர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பாசனப் பணி முகாம்களிலும் ஆங்கிலேய அலுவலர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர். ஆட்சியாளரின் மொழியில் இவை மொஃபசில். இச்சொல் சென்னைக் கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் 2018 வரை உயிரோடு இருந்தது. அத்தகைய ஊர் ஒன்றில் நான்கு பேருக்காக ஒரு செவிலியை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது. ஆனால் அந்நால்வரில் ஒருவருக்கு டைபாய்டு வந்தால் ஒரு மாதத்திற்குச் செவிலி இன்றியமையாதவர். இந்தச் சிக்கலுக்கு விடையாக 1892இல் ஐரோப்பியர்க்கான உள்நாட்டுச் செவிலியர் சங்கம் அமைக்கப்பட்டது. அது இங்கிலாந்தில் பயின்ற செவிலியரைத் தருவித்து, மையமான ஊர்களில் தங்கவைத்து, அழைப்பு வந்த இடத்திற்கு அனுப்பியது. நோய் தீர்ந்ததும், அல்லது நோயாளி இறந்ததும், செவிலி தம் இல்லத்திற்குத் திரும்புவார். அடுத்த தந்திக்குக் காத்திருப்பார்.

குறுகியகாலப் பணிக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் செவிலி என்னும் உருவம் இந்தியாவில் நிறுவன வடிவம் பெற்ற தொடக்க இடங்களில் இது ஒன்று. இதற்கு நான்காண்டு முன்னர், 1888இல், கேத்தரின் கிரேஸ் லோக் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினருக்கான செவிலியப் பணியைத் தொடங்கியிருந்தது. அவர்களும் ராவல்பிண்டி, பெங்களூர் எனப் பாளையந்தோறும் பிரித்து அனுப்பப்பட்டவர்களே. ஆயினும் அது படைத்துறைப் பதவி. மாற்றல் உண்டு, இடைவெளி இல்லை. உள்நாட்டுச் சங்கத்தின் செவிலிக்கோ ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே வெறுமையான நாட்கள் இருந்தன. அந்த வெறுமையான நாட்களுக்கு யார் சோறு போடுவது என்னும் கேள்வியே தற்காலிகச் செவிலியத்தின் வரலாற்றை நூறாண்டுகளுக்கும் மேலாக இழுத்துச் செல்கிறது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இங்குப் பொருந்தும். இன்று தமிழக அரசாணைகளில் வரும் ‘செவிலியர்’ என்ற சொல்லின் மூலம் அகப்பாடல்களின் செவிலி. அதாவது தலைவியை வளர்த்த தாய். பாலைத் திணையில் அவளுக்கு ஒரு தனிப் பணி உண்டு. தலைவி தலைவனோடு உடன்போக்கில் சென்றபின், வீட்டில் நற்றாய் புலம்பியிருக்க, சுரத்தின் வழியே தேடிச் செல்பவளும் எதிர்ப்படுவோரிடம் வினவுபவளும் செவிலியே. மருத்துவமனைச் செவிலிக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் வளர்த்தல், பேணல் என்னும் பொருளையே கருதியிருப்பார்கள். நடந்து திரியும் பொருளும் உள்ளே ஒளிந்திருந்தது தற்செயல். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘தாதி’ பணிவிடையையும் நினைவூட்டும் சொல். பேச்சுவழக்கில் நிலைத்த ‘சிஸ்டர்’ கன்னியர் மடங்களிலிருந்தும் படைமருத்துவமனைகளிலிருந்தும் வந்தது. ‘ஆயா’ போர்ச்சுக்கீசியச் சொல். மருத்துவமனை வராந்தாவில் இம்மூன்று சொற்களுக்கும் இடையே உள்ள படிநிலை எல்லாரும் அறிந்ததே.

1906இல் அரசப் பிரதிநிதி மிண்டோவின் துணைவியார் மேரி மிண்டோ இந்த உள்நாட்டுச் சங்கத்தை விரிவாக்கி மறுசீரமைத்தார். சீமாட்டி மிண்டோ இந்தியச் செவிலியர் சங்கம் என்ற பெயரில் அது மாகாணக் கிளைகளோடு இயங்கியது. பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணங்களிலும் பர்மாவிலும் செவிலியர் இல்லங்கள் இருந்தன. சங்கத்தின் பெயரில் ‘இந்திய’ என்ற அடைமொழி இருப்பினும் அது உருவாக்கப்பட்டது இந்தியாவிலிருந்த ஐரோப்பியர்க்காகவே. இந்த வரம்பை மறைத்துக்கொண்டு அதன் ஏற்பாட்டைப் புகழ்வது நேர்மையாகாது. அதே வேளையில், வரம்பைக் காரணம் காட்டி அந்த ஏற்பாட்டை ஆராயாமல் விடுவதும் ஓர் இழப்பே.

அதன் பொருளியல் எளியது. உறுப்பினர் சந்தா, நன்கொடை, நோயாளி செலுத்தும் கட்டணம் ஆகிய மூன்றும் ஒரே நிதியில் சேர்ந்தன. கட்டணம் நோயாளியின் வருமானத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும் இருந்தது. செவிலியின் கைக்கு நோயாளியின் பணம் நேரே போகவில்லை. சங்கம் அவருக்குச் சம்பளம் தந்தது. அழைப்பு இருந்த மாதமும் இல்லாத மாதமும் அச்சம்பளத்தில் வேறுபாடு இல்லை. கப்பல் கட்டணமும் ஊர்ப்பயணச் செலவும் செவிலியின் தலையில் விழவில்லை. ஒரு வீட்டில் ஐந்து வாரம் கண்விழித்துவிட்டுத் திரும்புபவர்க்கு இல்லத்தில் படுக்கையும் உணவும் ஓய்வும் காத்திருந்தன. நோயாளியைப் பொறுத்தவரை அவர் தற்காலிகச் செவிலி. சங்கத்தைப் பொறுத்தவரை நிலையான பணியாளர். பணி தற்காலிகமாகவும் பணியாளர் நிரந்தரமாகவும் இருந்த ஏற்பாடு அது.

இதில் அறச்சிந்தனையைவிடக் கணக்கே மிகுதி. லண்டனில் மூன்றாண்டு பயின்ற ஒருத்தியை அழைப்பு இருந்தால் மட்டும் கூலி என்ற உறுதியின்மையை நம்பி கப்பலேற்ற முடியாது. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அவருக்கு உறவினர் வீடு இல்லை. இடைக்காலத்தில் வேறு வேலை பார்க்கும் வாய்ப்பும் இல்லை. ஆகவே காத்திருப்பின் செலவை நிறுவனம் ஏற்றது. உள்ளூரிலேயே ஆள் கிடைக்கும் இடங்களில் அந்தச் செலவு வேறு திசையில் தள்ளப்படும் என்பதைப் பின்வந்த காலம் காட்டியது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. எந்நேரமும் பெட்டியோடு புறப்படக் கூடியவர், தனித்த பெண்ணாகவே இருந்தாக வேண்டும். அக்காலப் பிரித்தானியச் செவிலியப் பணியின் பொது வழக்கப்படி திருமணம் என்பது பணியின் முடிவு. பயணத்திற்கும் மணமின்மைக்கும் இடையே போடப்பட்ட இந்த முடிச்சு இந்தியாவில் நெடுங்காலம் அவிழவில்லை.

ஐரோப்பியர் வீட்டிற்குத் தந்தியடித்தால் செவிலி வந்த அதே ஆண்டுகளில் இந்திய நோயாளியின் நிலை என்ன? ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவில் காலடி வைக்காமலேயே 1865இல் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியத் திட்டம் பற்றி எழுதினார். டெல்லியில் பின்னர் செயிண்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையாக வளர்ந்த நிறுவனம் 1867 முதல் இந்தியப் பெண்களுக்குச் செவிலியப் பயிற்சி தந்ததாகச் செவிலிய வரலாறுகள் கூறும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கிற்று. 1885இல் டஃப்ரின் நிதியம் பெண் மருத்துவர்களை உருவாக்குவதோடு செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவிப்பதையும் தன் நோக்கமாக அறிவித்தது. இவையெல்லாம் சிறு ஊற்றுகள். நோயாளியின் உடலைத் தொடுவதும் கழிவை அகற்றுவதும் சாதித் தீட்டோடு பிணைந்திருந்த நாட்டில், பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியக் கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களுமே. மற்றபடி படுக்கையருகே இருந்தவர்கள் தாயும் மனைவியும் மகளும். இன்றும் அரசு மருத்துவமனைகளில் ‘உடனிருப்பவர்’ என்றொரு பதவியில்லாப் பதவி நீடிப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக்கை அடையாளம் கண்டார். சில மாதங்களில் நகரத்தின் மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. சட்டம் அதிகாரத்தைத் தந்ததே தவிர ஆளைத் தரவில்லை. பிளேக் மருத்துவமனைகள் தகரக் கொட்டகைகளாகவும் கூடாரங்களாகவும் சில நாட்களில் எழுந்துவிடும். அவற்றுள் நிற்கும் கைகள் அவ்வளவு விரைவில் கிடைக்கமாட்டா. பம்பாயில் பார்சிகளும் ஜைனர்களும் முஸ்லிம்களும் இந்துச் சாதிப் பிரிவினரும் தத்தம் சமூகத்திற்கெனத் தனித்தனி மருத்துவமனைகள் அமைத்தனர். அரசு இங்கிலாந்திலிருந்து பிளேக் பணிக்கென்றே செவிலியரைக் குறித்த காலத்திற்கு அமர்த்தித் தருவித்தது. கொள்ளைநோய் தணிந்தால் பணியும் முடியும். இந்திய அரசு ஒரு பேரிடரின் அளவுக்கே வெட்டித் தைத்த செவிலியர் ஒப்பந்தம் என்றால் இதைச் சொல்லலாம்.

பூனாவில் நடந்தவை வரலாற்று மாணவர் அறிந்தவை: வால்டர் ராண்டின் தலைமையில் படையினர் வீடுபுகுந்து நடத்திய சோதனைகள், 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டது, பின்வந்த தூக்குத்தண்டனைகள். அந்நகரின் விளிம்பில் நடந்த இன்னொன்று செவிலிய வரலாற்றில் போதிய இடம் பெறவில்லை. சாவித்திரிபாய் ஃபுலேயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த், மருத்துவர், ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சையிடம் அமைத்தார். அறுபத்தாறு வயதான சாவித்திரிபாய் அங்கே நோயாளிகளைப் பேணினார். நோயுற்ற ஒரு சிறுவனைச் சுமந்து சென்றதால் தொற்று ஏற்பட்டு 1897 மார்ச் 10 அன்று மறைந்தார் என்பது அவர் வரலாற்றில் பதிவான செய்தி. அவர் பெயர் எந்தச் செவிலியர் பதிவேட்டிலும் இருந்திருக்காது. ஆசிரியராகவும் கவிஞராகவும் அவரைக் கொண்டாடும் நூல்கள் அந்தக் கடைசி வாரங்களின் பணிக்கு ‘சேவை’ என்ற சொல்லை இட்டுக் கடந்துவிடுகின்றன. செவிலியத்தைச் சேவை என்று அழைக்கும் வரை அதன் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற வசதி அந்தச் சொல்லில் உண்டு.

பேரிடர்க்கால ஒப்பந்தத்தின் தருக்கம் போர்க்காலத்திலும் தொடர்ந்தது. முதல் உலகப் போரில் இந்தியச் செவிலியர் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களுக்கான நிலையான செவிலியப் படை 1926 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தோர் 55 பேர். தற்காலிகமாகத் தொடங்கிய பணி நிரந்தரமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரிலும் துணைச் செவிலியப் பணி என்ற பெயரில், போர் நீடிக்கும் காலத்திற்கு மட்டும், குறுகிய பயிற்சியோடு பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

இதற்கிடையில் செவிலியர் தாமே அமைப்பாகத் திரண்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கமும் 1908இல் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கமும் உருவாயின. 1910இல் அவர்களுக்கென இதழ் ஒன்று வெளிவரத் தொடங்கியது. 1922இல் இரு சங்கங்களும் இணைந்தன. அவர்களுடைய நீண்டகாலக் கோரிக்கை பதிவு. யார் பயிற்சி பெற்றவர், யார் பெறாதவர் என்று சொல்லும் சட்டம் வேண்டும் என்றனர். சென்னை மாகாணம் 1926இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றியது. ஆனால் மாகாணந்தோறும் தனித்தனிப் பதிவேடு என்பது ஊர்விட்டு ஊர் செல்பவர்க்குப் புதிய தடையாயிற்று. ஒரு மாகாணத்தில் தேர்ந்தவரை அடுத்த மாகாணம் ஏற்குமா என்ற கேள்விக்கு 1947இன் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் பாதி விடையே தந்தது. பாடத்திட்டம் ஒருமைப்பட்டது, பதிவு மாநிலங்களிடமே நின்றது. கேரளத்தில் பயின்றவர் டெல்லியில் பணியாற்ற, ஓரிடத்தில் தடையின்மைச் சான்று பெற்று மற்றோரிடத்தில் மீண்டும் பதிய வேண்டிய நடைமுறை அதிலிருந்து வந்ததே. தேசியப் பதிவேட்டை உருவாக்கும் புதிய ஆணையச் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது.

1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை நாட்டின் செவிலியர் எண்ணிக்கையை ஏறத்தாழ 7,000 என்று கணித்தது. 43,000 பேருக்கு ஒரு செவிலி. அப்போது மருத்துவர்களோ 47,500 பேர். ஒரு செவிலிக்கு ஆறு மருத்துவர்களுக்கு மேல் என்ற இந்தத் தலைகீழ் விகிதம் உலகில் அரிது. குழு நிரந்தரப் பணியிடங்களையும் பயிற்சிப் பள்ளிகளையும் பல மடங்கு பெருக்கச் சொன்னது. ஐரோப்பியர் வெளியேறியதும் மிண்டோ சங்கத்தின் தேவையும் தீர்ந்து, 1940களின் இறுதியில் அது கலைந்தது. அதன் ஏற்பாடு இந்திய நோயாளிக்கெனத் தழுவிக்கொள்ளப்படவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் அரசுச் செவிலி என்றால் பணிநிரந்தரம், மாற்றல், ஓய்வூதியம் என்பதே பொதுப்புரிதல். காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தது வேறு கதை.

திருப்பம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் மகப்பேறு பார்க்கும் இடங்களாக்க, நிலையத்துக்கு மூன்று செவிலியர் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டனர். 2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் இந்த முறையை நாடெங்கும் பரப்பியது. மூன்று என்ற எண்ணை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளுக்கு மூன்று முறைப்பணி, முறைக்கு ஒருவர். ஒருவர் விடுப்பெடுத்தால் எஞ்சிய இருவருக்கும் பன்னிரண்டு மணி நேரம். ஊரகப் பெண்கள் வீட்டிலிருந்து நிலையத்துக்கு வந்து பிள்ளை பெறும் வழக்கம் வேரூன்றியதில் இவர்களின் இரவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பிரசவம் என்பது போரோ பிளேக்கோ அன்று. ஓர் ஊரில் குழந்தை பிறப்பது நின்றுபோகும் நாள் வராது. தேவை நிரந்தரமாகவும் அதை நிறைவேற்றுபவர் தற்காலிகமாகவும் ஆன இடம் இது. 1906இன் ஏற்பாடு அப்படியே தலைகீழானது.

இந்தத் தலைகீழ் மாற்றத்திற்குத் தமிழ் ஆட்சிமொழி ஒரு சொற்தொகுதியையே உருவாக்கித் தந்திருக்கிறது. ‘காலமுறை ஊதியம்’ பெறுபவர் நிரந்தரர். ‘தொகுப்பூதியம்’ பெறுபவர் அல்லர். படிகளும் ஆண்டு உயர்வும் இல்லாத ஒரே தொகை என்பதை ‘தொகுப்பு’ என்ற செழிப்பான சொல் மறைத்துவிடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிக்குப் ‘பணிவரன்முறை’ என்று பெயர். ‘தற்காலிகம்’ என்பதன் மூலமோ வடமொழியில் ‘அந்த நேரம்’ என்று பொருள்படும் தொடர். தமிழில் தற்காலம் என்பது ‘இந்த நேரம்’ ஆயிற்று. அரசாணைகளில் அந்த ‘இந்த நேரம்’ ஆறு மாதத்திலிருந்து பத்தாண்டு வரை நீளும் நெகிழ்ச்சி பெற்றது.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத்தேர்வு நடத்தி 7,000க்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களை நிரப்பியது. போட்டித்தேர்வில் வென்று வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பலர் தம் மாவட்டத்தைவிட்டு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளிப் பணியேற்றனர். அங்கே வாடகை, சொந்த ஊரில் குழந்தை, இரண்டுக்கும் நடுவே பேருந்துக் கட்டணம். மிண்டோ சங்கத்தின் நிதி சுமந்த அதே செலவுகள் இங்கே செவிலியின் கைப்பையிலிருந்து போயின. இரண்டாண்டில் காலமுறை ஊதியம் என்ற எதிர்பார்ப்பு காலியிடம் உள்ள அளவுக்கே என்று சுருங்கியதால், 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அமர்ந்தனர். உச்ச நீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில் வழங்கிய தீர்ப்பு, தற்காலிகமாகச் சேர்ந்தவர் நீண்டநாள் பணியாற்றியதாலேயே நிரந்தரம் கோர முடியாது என்று சொன்னது. பின்வாசல் நியமனங்களைத் தடுக்க எழுந்த அத்தீர்ப்பு, முன்வாசல் வழியே தேர்வெழுதி வந்தவர்களின் முன்னும் கதவாக நிறுத்தப்பட்டது.

பிறகு 2020. கொரோனா பரவலைக் கட்டுப்படுத்த முதலில் எடுத்தாளப்பட்ட சட்டங்களில் ஒன்று 1897ஆம் ஆண்டின் அதே தொற்றுநோய்ச் சட்டம். நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் சட்டம் அதிகாரத்தைத் தந்தது, ஆளைத் தரவில்லை. அவ்வாண்டு மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து மணிப்பூரைச் சேர்ந்த செவிலியர் நூற்றுக்கணக்கில் பணியைவிட்டு ஊர் திரும்பினர். தொற்றச்சம், வீட்டாரின் அழைப்பு, போதாத ஊதியம் ஆகியவற்றோடு, முகத்தோற்றத்தைக் காட்டி அண்டைவீட்டார் செய்த இழிவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வெளியூர்ச் செவிலியை நம்பி ஒரு மாநகரின் தனியார் மருத்துவம் எந்த அளவுக்கு நின்றது என்பது அவர்கள் போன பிறகே தெரிந்தது. அதே மாதங்களில் அமெரிக்காவில் பதின்மூன்று வாரப் பணிகளுக்கு ஊர் ஊராகச் செல்லும் ‘டிராவல் நர்ஸ்’களின் ஊதியம் வழக்கமான ஊதியத்தின் பல மடங்காக உயர்ந்தது. அங்கே தற்காலிகம் என்பதற்கு விலை கூடுதல், இங்கே தள்ளுபடி. அமெரிக்க முறையிலும் காத்திருப்பின் செலவு செவிலியுடையதே. ஆனால் அது விலையில் சேர்த்துக் கேட்கப்படுகிறது. மறுத்துவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போகும் உரிமையும் இருக்கிறது.

தமிழகத்தில் 2020 மே மாதம் ஆறு மாத காலத்துக்கு எனப் பெருமளவில் செவிலியர் சேர்க்கப்பட்டனர். மாதம் 14,000 ரூபாய். முழு உடற்கவச உடையில் ஆறு, எட்டு மணி நேரம். நீர் அருந்தாமல், கழிப்பறை போகாமல். பணி முடிந்தால் தனிமைப்படுத்தல். ஆறு மாதம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு இரண்டரை ஆண்டாயிற்று. 2022 டிசம்பர் 31உடன் நீட்டிப்பு இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியிழந்தனர். புத்தாண்டில் அவர்கள் தெருவில் இருந்தனர். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப்பணி தரப்படும் என்று அரசு கூறியது. அதுவும் தற்காலிகமே.

அரசின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதைக் கேட்காமல் போவது முறையன்று. பேரிடர் முடிந்த பிறகும் அதற்கெனச் சேர்த்த அனைவரையும் வைத்திருந்தால் ஊதியச்செலவு தாங்காது. இடஒதுக்கீட்டு வரிசையும் தேர்வு முறையும் குலையும். இவ்வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் அது மிண்டோ சங்கம் தீர்த்த சிக்கலையே தீராச் சிக்கல் என்று முன்வைக்கிறது. பேரிடர் எப்போது, எந்த மாவட்டத்தில் வரும் என்பது மட்டுமே தெரியாதது. வரும் என்பது தெரிந்ததே. டெங்கு, வெள்ளம், புயல், மகப்பேறு விடுப்பால் நேரும் காலியிடங்கள் எனத் தற்காலிகத் தேவை ஆண்டு முழுவதும் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. நிரந்தர ஊதியம் பெறும் ஒரு சுழற்சி அணியை மாநில அளவில் வைத்து, தேவை எழும் இடத்திற்குப் பயணப்படியோடும் தங்குமிடத்தோடும் அனுப்புவது இன்னதென்று கண்டறியப்படாத புதுமையன்று. சில ஆயிரம் ஐரோப்பியக் குடும்பங்களுக்காக அது இந்த மண்ணில் ஐம்பதாண்டுக்கு மேல் நடந்தது.

பயணத்திற்கும் மணமின்மைக்கும் இடையே இருந்த முடிச்சும் இந்தியா விடுதலை பெற்றபின் உடனே அவிழ்ந்துவிடவில்லை. படைத்துறைச் செவிலியப் பணியில் 1977இல் வகுக்கப்பட்ட ஒரு விதி, திருமணத்தைப் பணிநீக்கத்திற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்தது. அவ்விதிப்படி ஒரு செவிலிய அலுவலர் 1988இல் வெளியேற்றப்பட்டார். விதி 1995இல் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு நீதி கிடைத்தது 2024 பிப்ரவரியில். அந்த விதி பாலினப் பாகுபாடு என்று கூறிய உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கைத் தீர்த்தது. அதைத் தொடுத்தவர்கள் தேர்வு வாரியத்தின் வழியே வந்த தொகுப்பூதியச் செவிலியரின் சங்கத்தினர். ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் அவர்களுக்கு, தாம் பிள்ளை பெறும்போது ஊதியத்தோடு விடுப்பு உண்டா என்பதே வழக்கு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியது.